சேவை வரி இல்லை. பிறகு ஏன் முடிச்சாயத்திற்கு இந்த விலை?

2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்தது. பலகாரம், புத்தாடை ஏற்பாடுகளுக்கு அடுத்தபடியாக தீபாவளிக்கு நம் வீடுகளில் நடப்பது தலைமுடிக்குச் சாயம் பூசும் வேலை. கிள்ளானோ ஈப்போவோ பட்டர்வொர்த்தோ, தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்குச் சிகையலங்கார நிலையங்களில் நாற்காலி காலியாக இருக்காது. வேர்ப்பகுதி நரையை மறைக்க மட்டும் வருவோர், முடி வறண்டுவிடாத “மென்மையான” சாயம் வேண்டும் என்போர், அமோனியா இல்லாத சாயம் கேட்போர் எனப் பலரும் வரிசையில் இருப்பார்கள்.

கட்டணத்தைக் கேட்டதும் எழும் கேள்வி ஒன்றுதான்: “போன வருடம் இவ்வளவு இல்லையே?” இதற்குப் பல கடைகளில் கிடைக்கும் பதில் “எஸ்.எஸ்.டி. ஏறிவிட்டது” அல்லது “சம்பளம் ஏறிவிட்டது”. இந்த இரண்டு பதில்களையும் கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒன்று பெரும்பாலும் பொருந்தாது. மற்றொன்று உண்மைதான், ஆனால் அதன் பங்கு மிகச் சிறியது. உண்மையான காரணம் வேறு இடத்தில் இருக்கிறது. அது தெரியாததால் கடைக்காரரும் நட்டப்படுகிறார், வாடிக்கையாளரும் ஏமாறுகிறார்.

வராத வரி

2025 ஜூன் மாதத் தொடக்கத்தில் நிதி அமைச்சு விற்பனை, சேவை வரி விரிவாக்கத்தை அறிவித்தபோது, முடி வெட்டுதல், சிகையலங்காரம், முகப்பராமரிப்பு, நகப்பராமரிப்பு போன்ற அழகுச் சேவைகளும் அப்பட்டியலில் இருந்தன. ஜூலை 1 முதல் 8 விழுக்காடு சேவை வரி என்பது திட்டம். எதிர்ப்பு எழுந்ததைத் தொடர்ந்து ஜூன் 27இல் அமைச்சு தன் முடிவை மாற்றிக்கொண்டது. அழகுச் சேவைகள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. எனவே சாதாரணச் சிகையலங்கார நிலையத்தில் முடிச்சாயத்திற்கு இன்று சேவை வரி கிடையாது.

வாடகைக்கு வரி வந்துவிட்டதே என்று சிலர் கேட்கலாம். வாடகைச் சேவைக்கு 2025 ஜூலை 1 முதல் 8 விழுக்காடு வரி வந்தது உண்மை. ஆனால் 2025இல் ஆண்டு விற்பனை 10 லட்சம் ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்த சிறு வாடகைதாரர்களுக்கு விலக்கு இருந்தது. 10 லட்சம் என்றால் மாதம் சராசரி 83,000 ரிங்கிட்டுக்கு மேல். இரண்டு, மூன்று நாற்காலி வைத்திருக்கும் கடை அந்த அளவை எட்டுவது அரிது.

ஆக, நம் குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் சிறு கடை ஒன்று “எஸ்.எஸ்.டி.யால் விலை ஏற்றினோம்” என்றால் அந்தக் காரணம் நிற்காது. இரசீதில் சேவை வரி என்று தனி வரி போட்டிருந்தால், எந்தப் பதிவு எண்ணின் கீழ் என்று கேட்கும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு.

சம்பளம் ஏறியதால் எவ்வளவு?

குறைந்தபட்ச சம்பளம் 1,500 ரிங்கிட்டிலிருந்து 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஐந்தும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள இடங்களில் 2025 பிப்ரவரி 1 முதலும், ஐந்துக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள இடங்களில் ஆகஸ்டு 1 முதலும் இது நடப்புக்கு வந்தது. நம்மவர் நடத்தும் கடைகள் பல இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அந்நியத் தொழிலாளர்களுக்கும் 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து முதலாளி 2 விழுக்காடு, தொழிலாளி 2 விழுக்காடு என ஊழியர் சேமநிதிச் சந்தா கட்ட வேண்டும்.

இவை ஒரு சாயச் சேவையின் விலையை எவ்வளவு உயர்த்தும்? ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். எண்கள் கடைக்குக் கடை மாறும். கணக்குப் போடும் முறைதான் முக்கியம்.

குறைந்தபட்ச சம்பளம் வாங்கும் உள்ளூர் ஊழியர் ஒருவருக்கு 1,700 ரிங்கிட். முதலாளி கட்டும் 13 விழுக்காடு சேமநிதி 221 ரிங்கிட். சொக்சோ, வேலைக் காப்புறுதிச் சந்தாக்களையும் சேர்த்தால் மாதம் ஏறக்குறைய 1,950 ரிங்கிட். மாதம் 26 நாள், நாளுக்கு ஏழரை மணி நேரம் என்றால் 195 மணி நேரம் வேலை. இதில் நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும் நேரம் 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். அதாவது 117 மணி நேரம். அப்படியானால், வருமானம் தரும் ஒரு மணி நேரத்திற்கான சம்பளச் செலவு 16 ரிங்கிட் 70 சென்.

சம்பளம் 200 ரிங்கிட் ஏறியதால், சந்தாக்களோடு சேர்த்து முதலாளிக்குக் கூடும் செலவு மாதம் ஏறக்குறைய 230 ரிங்கிட். 117 மணி நேரத்தில் பகிர்ந்தால் மணிக்கு 2 ரிங்கிட்டுக்கும் சற்றுக் குறைவு. ஒன்றரை மணி நேரம் பிடிக்கும் வேர்ப்பகுதிச் சாயத்திற்கு 3 ரிங்கிட். அந்நியத் தொழிலாளருக்கான 2 விழுக்காடு சேமநிதி, 1,700 ரிங்கிட் சம்பளத்தில் மாதம் 34 ரிங்கிட்தான். ஒரு சாயச் சேவைக்கு 50 சென்னைக்கூட அது தொடாது.

சம்பள உயர்வைக் காரணம் காட்டி 3, 4 ரிங்கிட் ஏற்றினால் நியாயம். 20 ரிங்கிட் ஏற்றினால், அதில் பெரும்பகுதிக்கு வேறு காரணம் இருக்கிறது.

நாற்காலியின் ஒரு மணி நேரம்

அந்த வேறு காரணம் பல நேரங்களில் பேராசை அன்று. பழைய விலையே தவறாக இருந்ததுதான்.

மாதிரிக் கணக்கைத் தொடர்வோம். கடை வாடகை 3,000 ரிங்கிட், மின்சாரம், தண்ணீர், இணையம், துண்டு துவைக்கும் செலவு எல்லாம் சேர்ந்து 800 ரிங்கிட். இரண்டு நாற்காலி என்றால், ஒரு நாற்காலிக்கு 1,900 ரிங்கிட். 117 மணி நேரத்தில் பகிர்ந்தால் மணிக்கு ஏறக்குறைய 16 ரிங்கிட் 20 சென். சம்பளத்தையும் சேர்த்தால் ஒரு நாற்காலியின் ஒரு மணி நேரம் கடைக்கு 33 ரிங்கிட் செலவு வைக்கிறது. இன்னும் சாய ட்யூப் திறக்கப்படவில்லை.

ஒன்றரை மணி நேரத்திற்கு 49 ரிங்கிட் 50 சென். சாயம், டெவலப்பர், கையுறை, ஷாம்பு எல்லாம் 20 ரிங்கிட் என்று வைத்தால் ஏறக்குறைய 70 ரிங்கிட். இது அடக்க விலை மட்டும். உரிமையாளரின் சொந்த வருமானம், பழுதாகும் கருவிகள், வராமல் போகும் வாடிக்கையாளர் ஆகியவற்றுக்காக விலையில் 20 விழுக்காடு மிஞ்ச வேண்டுமென்றால், கேட்க வேண்டிய கட்டணம் 88 ரிங்கிட்.

எதிர்க்கடை 60 ரிங்கிட்டுக்குச் செய்கிறது என்பதற்காக இந்தக் கடையும் 60 ரிங்கிட் வாங்கினால், ஒவ்வொரு தலைக்கும் 10 ரிங்கிட் கையிலிருந்து போகிறது. கூட்டம் கூடக் கூட நட்டமும் கூடும். “கடையில் எப்போதும் ஆள் இருக்கிறது, ஆனால் கையில் காசு நிற்கவில்லை” என்ற புலம்பலின் பின்னணி இதுதான்.

நம் சமூகப் பெண்கள் தொழில் தொடங்க தெக்குன் ஸ்பூமி, அமானா இக்தியாரின் பெண் திட்டம் போன்ற கடன் வசதிகள் இருக்கின்றன. கடன் வாங்கித் திறக்கும் கடையில் விலை தவறாக இருந்தால், தவணை கட்டுவது உரிமையாளரின் உழைப்பைச் சுரண்டித்தான் நடக்கும். பல சிறு கடைகளில் உரிமையாளர் தமக்கென்று சம்பளமே எழுதுவதில்லை.

ட்யூப்பில் இல்லாத மென்மை

இப்போது வாடிக்கையாளர் பக்கம் வருவோம். 88 ரிங்கிட் கேட்கும் கடை அதற்குரிய சேவையைத் தருகிறதா?

“அமோனியா இல்லை” என்ற இரண்டு சொற்களுக்கே கூடுதல் கட்டணம் வாங்கும் பழக்கம் பரவியிருக்கிறது. நிரந்தரச் சாயத்தில் அமோனியாவின் வேலை, முடியின் மேல்தோலைத் திறந்து நிறம் உள்ளே போக வழிவிடுவது. அமோனியாவை எடுத்துவிட்டால் அந்த வேலையை வேறொரு காரப்பொருள் செய்தாக வேண்டும். பெரும்பாலும் அது மோனோஎத்தனாலமின். அதில் மூக்கைத் துளைக்கும் நெடி இல்லை. ஆனால் அமோனியாவைப் போல் எளிதில் ஆவியாகவும் செய்யாது. நெடி இல்லாததால் மட்டும் அது மென்மை என்றாகிவிடாது.

ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் பெரும்பாலும் அமோனியா அன்று. பி.பி.டி. எனப்படும் பாரா-பினிலின்டையமின் என்ற சாயப்பொருளும் அதன் இனத்தைச் சேர்ந்த பொருள்களுமே. கறுப்பு, கரும்பழுப்புச் சாயங்களில் இவை பரவலாக உண்டு. தலையில் பூசும் கலவையில் பி.பி.டி. 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அமோனியா இல்லாத ட்யூப்பிலும் பி.பி.டி. இருக்கலாம். “கறுப்பு மருதாணி” என்று விற்கப்படும் பொட்டலங்களிலும் இருக்கலாம். தூய மருதாணி முடிக்குச் செம்பழுப்பு நிறத்தைத்தான் தரும். ஒரே பூச்சில் கருகருவென்று ஆக்கும் மருதாணி என்றால், பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது நல்லது.

உண்மையான மென்மை, சாயம் பூசும் முறையில்தான் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதிக்கு மட்டும் பூசுவது, ஏற்கெனவே சாயம் ஏறிய நீளத்தில் ஒவ்வொரு முறையும் மீண்டும் இழுக்காமல் இருப்பது ஒன்று. தேவைக்கு மேல் வீரியமான டெவலப்பரைக் கலக்காமல் இருப்பது மற்றொன்று. நரையை முழுமையாக மறைக்கப் பொதுவாக 6 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள டெவலப்பர் போதும். நேரத்தைக் கவனித்துக் கழுவுவதும், 48 மணி நேரத்திற்கு முன்பே காதுக்குப் பின்னால் அல்லது முழங்கையின் உட்புறத்தில் சிறிது பூசி ஒவ்வாமை பார்ப்பதும் இதில் சேரும்.

இவை எல்லாவற்றுக்கும் தேவைப்படுவது நேரம். விலை குறைக்கச் சொல்லி நெருக்கினால் கடை முதலில் வெட்டுவதும் இந்த நேரத்தைத்தான். வேர்ப்பகுதியைப் பிரித்துப் பிரித்துப் பூசுவதற்குப் பதில் மொத்தமாக அப்பிவிடலாம். சோதனைக்கு இன்னொரு நாள் வரச் சொல்வதற்குப் பதில் “ஒன்றும் ஆகாது” என்று சொல்லிவிடலாம். ட்யூப் அதே ட்யூப்தான். மென்மை மட்டும் காணாமல் போயிருக்கும்.

பூசுபவரின் கை

இந்தக் கணக்கில் எப்போதும் விடுபடும் ஒருவர் உண்டு. நாள் முழுக்கச் சாயம் பூசும் ஊழியர். உலகச் சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2008இல் இதை மறுஆய்வு செய்தபோது, முடிதிருத்துவோர், சிகையலங்காரக் கலைஞர் ஆகியோர் தொழில் ரீதியாக எதிர்கொள்ளும் பாதிப்பை, மனிதர்களுக்குப் புற்றுநோய் விளைவிக்கும் வாய்ப்பு அதிகம் எனக் கருதப்படும் 2ஏ பிரிவில் வைத்தது. சொந்தமாகச் சாயம் பூசிக்கொள்வோரைப் பொறுத்தவரை வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்றது. ஆக, ஆறு வாரத்திற்கு ஒரு முறை வந்து உட்காரும் வாடிக்கையாளரைவிட, அன்றாடம் பூசுபவருக்குத்தான் பாதுகாப்பு அதிகம் தேவை.

ஒவ்வொரு தலைக்கும் புதிய கையுறை, நல்ல காற்றோட்டம், சாயம் கலக்கத் தனி இடம் எல்லாம் காசு கேட்கும் ஏற்பாடுகள். 60 ரிங்கிட் விலையில் அவற்றுக்கு இடமில்லை. கைத்தோல் வெடித்து, அரித்து, கடைசியில் தொழிலையே விட்டுப் போகும் ஊழியருக்குப் பதில் இன்னொருவரைத் தேடிப் பழக்குவதற்கு ஆகும் செலவு, கையுறைப் பெட்டியைவிடப் பல மடங்கு.

ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது?

முடிச்சாயத்தை “ஒரு தடவைக்கு எவ்வளவு” என்று கேட்பதே நம் பழக்கம். ஆனால் பராமரிப்பு ஆண்டு முழுவதும் நீளும் செலவு.

முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். கருகருவெனச் சாயம் பூசியவருக்கு நான்கு, ஐந்து வாரத்தில் வகிட்டில் வெள்ளைக் கோடு தெரியத் தொடங்கும். ஐந்து வாரத்திற்கு ஒரு முறை 88 ரிங்கிட் என்றால் ஆண்டுக்குப் பத்து முறை, 880 ரிங்கிட்.

அதற்குப் பதில், கறுப்பிலிருந்து ஓரிரு படி இறங்கிய கரும்பழுப்பு நிறத்தையோ, நரையை முழுதும் மறைக்காமல் மங்கச் செய்து மெல்ல வெளுத்துப் போகும் சாயத்தையோ தேர்ந்தெடுத்தால், வளரும் வேருக்கும் பழைய முடிக்கும் இடையே கோடு அவ்வளவு கூர்மையாகத் தெரியாது. ஏழு வாரம் வரை தள்ளிப் போடலாம். இந்தச் சேவைக்கு ஒரு முறைக்கு 100 ரிங்கிட் கொடுத்தாலும் ஆண்டுக்கு ஏழு, எட்டு முறைதான். 700 முதல் 800 ரிங்கிட். ஒரு தடவைக்கு விலை கூடியது, ஆண்டுக்கு விலை குறைந்தது. தலைத்தோலில் இரசாயனம் படும் தடவையும் குறைந்தது.

நரை மிக அதிகமாக உள்ளவர்களுக்கும், முழுக் கறுப்புதான் வேண்டும் என்பவர்களுக்கும் இது பொருந்தாது. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதை எடுத்துச் சொல்வதுதான் நல்ல கடையின் அடையாளம். அடிக்கடி வரவழைப்பதில் வருமானம் இருந்தும் இதைச் சொல்லும் கடையை வாடிக்கையாளர் விடமாட்டார்.

கட்டணப் பலகையில் என்ன இருக்க வேண்டும்?

“சாயம் 60 ரிங்கிட் முதல்” என்ற பலகையால் யாருக்கும் பயனில்லை. அந்த “முதல்” என்ற சொல்லில்தான் தகராறு தொடங்குகிறது. தோள் வரை முடி உள்ளவர் 60 என்று நினைத்து உட்கார்ந்து, 140க்கு இரசீது வாங்கி எழுந்தால், அடுத்த முறை அவர் அந்தப் பக்கம் வரமாட்டார்.

வேர்ப்பகுதிச் சாயத்திற்கு ஒரு விலை, முழு நீளத்திற்கு ஒரு விலை, குறிப்பிட்ட அளவுக்கு மேல் சாயம் தேவைப்பட்டால் கூடுதல் எவ்வளவு என்று தனித்தனியே எழுதலாம். ஆறு வாரத்திற்குள் வந்தால் ஒரு விலை, அதைத் தாண்டினால் இன்னொரு விலை என்றும் வைக்கலாம். இது தண்டனை இல்லை. தலைத்தோலின் சூட்டில் வேரை ஒட்டிய பகுதியில் நிறம் சீக்கிரம் ஏறும். வளர்ச்சி இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் நிறம் ஒரே சீராக வர இரண்டு கட்டமாகப் பூச வேண்டியிருக்கும். வேலை கூடுகிறது, அதனால் விலை கூடுகிறது.

ஒவ்வாமைச் சோதனைக்கு 10 ரிங்கிட் வாங்கி, சாயம் பூசும் நாளில் அதைக் கழித்துக்கொண்டால், சோதனைக்கு வந்தவர் திரும்பியும் வருவார், ஊழியரின் நேரமும் வீணாகாது. விலை ஏற்றுவதாக இருந்தால் ஒரு மாதத்திற்கு முன்பே எழுதி ஒட்டுவது நல்லது. பண்டிகைக் கூட்டத்தில் திடீரென ஏற்றினால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் கொள்ளை என்றே பேசப்படும். 2011ஆம் ஆண்டின் விலைக் கட்டுப்பாடு, கொள்ளை இலாபத் தடுப்புச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமன்றிச் சேவைகளுக்கும் பொருந்தும் என்பதை மறக்கக்கூடாது. ஏன் இந்த விலை என்று கேட்டால் காட்டுவதற்கு, மேலே போட்டது போன்ற ஒரு கணக்கு கையில் இருக்க வேண்டும்.

பயனீட்டாளருக்கும் பாதுகாப்பு உண்டு. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறனோடும் அதைச் செய்ய வேண்டும். விலை முன்கூட்டியே பேசப்படாவிட்டால், நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வாடிக்கையாளர் கடமைப்பட்டவர் அல்லர். தகராறு முற்றினால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் பதிவு செய்யலாம். இதற்கு இரசீது வேண்டும். பத்துத் தடவைக்கு முன்பணம் கட்டும் “பேக்கேஜ்” வாங்கும் முன், இரண்டு, மூன்று தடவைக்கு மேல் ஒரேயடியாகக் கட்டத்தான் வேண்டுமா என்று யோசிப்பது நல்லது. கடை மூடிவிட்டால் வழக்கில் வென்றும் பணத்தை மீட்பது சிரமம்.

கடையில் பயன்படுத்தும் சாயத்தின் பெயரைக் கேட்டு, என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்தக ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். நாட்டில் விற்கப்படும் அழகுச் சாதனப் பொருள்கள் அங்கு அறிவிக்கை செய்யப்பட்டிருக்க வேண்டும். பெயரைச் சொல்லத் தயங்கும் கடையில் தலையைக் கொடுக்காமல் இருப்பதே மேல்.

தீபாவளிக்கு முதல் நாள் சாயம் பூசத் திட்டமிட்டிருப்பவர்கள் அதற்கு இரண்டு நாளுக்கு முன்பே ஒவ்வாமைச் சோதனை செய்துகொள்ள வேண்டும். அன்று கடைக்குப் போகும்போது மொத்தம் எவ்வளவு வரும், அதில் என்னென்ன அடக்கம், அடுத்து எப்போது வர வேண்டும் என்ற மூன்றையும் கேட்டுவிடலாம். கணக்குத் தெரிந்த கடைக்காரர் மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்வார். அவரிடம் பத்து ரிங்கிட்டுக்குப் பேரம் பேசாமல் இருப்பது நம் தலைக்கும் நல்லது, அவர் கடைக்கும் நல்லது.